தென்கடல் பக்கத்துத் தோள்

பாம்பன் ஆஸ்பத்திரியில் அது எனக்குப்
பதினோராவது நாள்.
நம்புத்தாய், வயது நாற்பத்தொன்று, சின்னப்பாலம்.
பாசி எடுக்கப் போன இடத்தில்
பாரில் மோதித் தோள் வீங்கி வந்தாள்.

எந்தப் பக்கம் வலி என்றேன்.
தென்கடப் பக்கம் என்றாள்.

கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
இடதா வலதா, ஒன்றை வட்டமிட வேண்டும்.
நொட்டாங்கைப் பக்கமா அக்கா?
"அது கைக்குச் சொல்றது.
தோளுக்கு எதுக்கு?"
சோறு தின்னாத தோளுக்குச்
சோத்தாங்கைக் கணக்கு செல்லாதுதான்.
தொட்டுப் பார்த்து
இடதை வட்டமிட்டேன்.

அன்றிரவு வாடை மழை. ஜன்னலில் சாரல்.
நானும் வாட்ச்மேன் சகுபரும்
கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத்
திருப்பிப் போட்டோம்.
காலையில் டாக்டர் கேட்டார்,
இப்ப எங்கம்மா வலிக்குது?

"வடகடப் பக்கம்."

வலி இடம் மாறியிருக்கிறது என்று எழுதி
இன்னொரு எக்ஸ்ரே என்றார்.
கட்டில் சக்கரங்களைப் பார்த்தபடி
நான் அடக்கிய சிரிப்பு
அவருக்கு இருமலாய்க் கேட்டிருக்கும்.

நான் போடிக்காரி.
எங்களுக்கு மேற்கு என்றால் மேலே, மலை.
கிழக்கு கீழே, தண்ணீர் போகிற பக்கம்.
கீழ வீட்டுல மோர் வாங்கிட்டு வா என்றால்
பாதி வழி சரிவே கூட்டிப்போகும்.
இங்கே தரை எந்தப் பக்கமும் சாயவில்லை.
வந்த முதல் வாரம்
மெஸ்ஸிலிருந்து விடுதிக்குப் போக
மூன்று தடவை தப்பான கடலில் போய் நின்றேன்.

டூட்டி இல்லாத ஒரு மதியம் போனில் படித்தேன்:
கலிஃபோர்னியாவின் வடகோடியில், ஓர் ஆற்றோரம்,
யூரோக் என்றொரு மொழி.
அதில் வழி சொல்ல வடக்கு தெற்கு வேண்டாமாம்.
ஆற்றோடு மேலே, ஆற்றோடு கீழே,
ஆற்றைப் பார்க்க, ஆற்றை விட்டு விலக.
வீட்டுக்குள் இருக்கிற பண்டத்துக்கும் அதே பேச்சு.
ஆறு வளையும் இடத்தில்
திசையும் கூடவே வளையும்.

நம்புத்தாயிடம் சொன்னேன்.
ஆரஞ்சுச் சுளையை வாயில் ஒதுக்கிக்கொண்டு
"ஒரே ஒரு ஆறுதான? அவுகளுக்குச் சுளுவு" என்றாள்.

பிறகு, கேட்காமலே, சொன்னாள்.
குருசடைக்குத் தெற்கே கலங்கல் தண்ணீர்.
மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கக் குனிந்தால்
தலை கீழே, கால் மேலே,
கண்ணாடிக்குள் வெறும் பால் நிறம்.
"மூச்சு முட்டுற நேரத்துல
நொட்டாங்கை எதுன்னா யோசிப்பாக?
நீவாடு எந்தக் கன்னத்துல இழுக்குதோ
அதை வச்சு வள்ளத்துக்கு வந்துருவேன்.
இருபத்திரண்டு வருசமா வந்துருக்கேன்."

சுளையின் கொட்டையைக் கையில் துப்பினாள்.

"அன்னிக்கு உள்ளுக்குள்ள நா இருக்கையிலயே
நீவாடு திரும்பிருச்சு."

அதற்கு மேல் அவளும் பேசவில்லை.
நான் கட்டுத்துணியின் முடிச்சைச்
சரியாக இருந்தும் ஒருமுறை அவிழ்த்துக் கட்டினேன்.

டிஸ்சார்ஜ் தாளில் இடது தோள் என்றே எழுதினேன்.
அடியில் பென்சிலால், சின்னதாக:
கிழக்கே தலைவைத்து மல்லாந்தால் தெற்கு.
யார் படிப்பார்கள் என்று தெரியாது.

பொங்கலுக்கு லீவு கிடைத்தது.
பஸ் பாலத்தில் ஏறியபோது
என் ஜன்னலில் தென்கடல்.
பச்சையாய், உதறிக்கொண்டு.
நாலாம் நாள் திரும்பும்போதும்
டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்,
அதே ஜன்னலோரம்.
கம்பி வழியே வடகடல் அடித்தது.

அதே தோள்தான்.
நனைத்த சாரல் வேறு.